பன்னிரண்டு கட்டம்

விண்ணப்பத்தாளில் பெயருக்கு ஒரு கோடு,
எண்ணுக்குப் பன்னிரண்டு கட்டம்.
யுஸ்தினாவிடம் பெயர் இருந்தது.

புளோரஸ் தீவிலிருந்து வந்த யோசெப்
செம்பனைக் குலை வெட்டுகிற கையால்
தொப்பியைக் கசக்கிக்கொண்டு
என் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார்.
அவர் பேசியது மலாய்.
மகள் பேசியது எங்கள் லயத்துத் தமிழ்:
"கிராணியம்மா, நானும் சேந்துக்கட்டுமா?"

பிறந்தது எங்கே?
ஆறாம் நம்பர் லயம்.
யார் கூட இருந்தது?
பக்கத்து வீட்டு மாரக்கா.
சான்று?
யோசெப் மகளைப் பார்த்தார்.

கணினியில் பன்னிரண்டு சுழியம் அடித்தேன்.
முதல் ஆறும் பிறந்த தேதி;
அப்படியொரு நாளில் யாரும் பிறக்க முடியாதென்று
சிவப்பில் திட்டியது.
பிறந்தவள் என் எதிரில் நின்று
ஸ்டேப்ளரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பள்ளியில் பதினேழு பிள்ளைகள்,
டவுனுக்குக் குடிபோனவர்கள் போக மிச்சம்.
ஆள் இல்லையே, மூடலாமா
என்று ஆண்டுக்கொரு கடிதம் வரும்.
ஆள் வந்திருக்கிறாள் என்று எழுதினால்
அந்த ஆள் கணக்கில் வராது என்று இன்னொன்று.
இரண்டும் ஒரே கோப்பில்தான் கிடக்கின்றன,
ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல்.

தலைமையாசிரியர் இளஞ்செழியன் சட்டம் தெரிந்தவர்.
அதனால் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு
"நாற்காலி காலியாத்தானே கெடக்கு" என்றார்.
அவ்வளவுதான் உத்தரவு.
பதிவேட்டில் பேனாவால் பதினேழு பெயர்,
அடியில் பென்சிலால் ஒன்று.
மங்க மங்க மேலேயே எழுதுவேன்.

இரவல் பாடநூலில் அவளுக்குப் பங்கில்லை.
கவின்மொழியின் புத்தகம் நடுவில் கிடக்கும்,
இடப்பக்கம் ஒருத்திக்கு, வலப்பக்கம் ஒருத்திக்கு;
கதையின் மிச்சத்தைப்
பசியாறும்போது மாற்றிக்கொள்வார்கள்.
பால் பொட்டலம் பதினேழுதான் வரும்.
பதினெட்டாவதைச் சில நாள் நான் வாங்கினேன்,
சில நாள் மறந்துபோனேன்.

ஜூலையில் ஒரு வியாழன்.
எடைக் கொட்டகை தாண்டி ஒரு வெள்ளை வண்டி திரும்பியது.
குடிநுழைவா, கல்வி இலாகாவா,
தூரத்தில் தெரியவில்லை.
விளையாட்டுச் சாமான் அறையில்
அவளை வைத்துப் பூட்டினேன்.
பூட்டிய கை என்னுடையது.
இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

கல்வி இலாகாதான்.
கூரை ஒழுகுவதைப் பார்க்க வந்தவர்கள்.
"பதினெட்டு நாற்காலி இருக்கே?"
ஆசிரியை வாய் திறக்குமுன் கவின்மொழி எழுந்து
"பை வைக்கிறதுக்கு, சார்" என்றாள்.
ஏழு வயது.
எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பாடம்,
நாங்கள்தான் நடத்தியிருக்கிறோம்.

வண்டி போனபின் கதவைத் திறந்தேன்.
அழவில்லை.
பந்துகளைச் சுவரோரமாய் அடுக்கியிருந்தாள்.
"பதினொண்ணு இருக்கு, கிராணியம்மா.
ரெண்டுல காத்தே இல்ல."

என் அப்பா நாற்பது வருஷம் பால் வெட்டி
சிவப்பு அட்டையோடு போய்ச் சேர்ந்தார்.
'பரிசீலனையில் உள்ளது' என்ற கடிதம்
கருமாதி முடிந்த வாரம் வந்தது.
அதையும் இதையும் நான் சேர்த்து யோசிப்பதில்லை.
ராத்திரியில் தாமாகச் சேர்ந்துகொள்கின்றன.

ஆண்டிறுதி.
எண் இல்லாமல் தேர்ச்சி அறிக்கை அச்சாகாது.
அலமாரிக்கு அடியில் பழைய அட்டை ஒன்று கிடைத்தது.
தூசி தட்டிக் கையால் எழுதினேன், பேனாவால்.
தமிழ் எழுபத்தாறு. கணிதம் எண்பத்தொன்று.
நடத்தை: நன்று.

அவள் அம்மா மார்கரெதா
மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை.
பள்ளி முத்திரையை மட்டும் விரலால் சுற்றி வந்தாள்.
பிறகு மகளிடம் ஏதோ சொன்னாள்.
மகள் அதைத் தமிழில் என்னிடம் தந்தாள்:
"ரோட்டுல பிடிச்சா, இதக் காட்டலாமான்னு கேக்குறாங்க."

வெளியே லாரியில் குலை ஏறிக்கொண்டிருந்தது.
சிதறிய உதிரிப் பழங்களுக்காக
யாரோ வாளியோடு பின்னால் ஓடினார்கள்.

"காட்டுங்க" என்றேன்.
அட்டையைத் திரும்ப வாங்கி
இன்னொரு முத்திரை,
முன்னதைவிட அழுத்தி,
குத்திக் கொடுத்தேன்.